மலையாள எழுத்தில் என் தமிழ்

எங்கள் கவிதை வட்டத்தில் தலைவரும் செயலாளரும் ஒத்துப்போனது ஒரே ஒரு நாள்தான். அன்று இருவரும் சேர்ந்து என்னை எதிர்த்தார்கள்.

மலையாளம் பேசும் எங்கள் ஊரில், கரமனையில் ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் அதன் மாடியில் கூடித் தமிழ்க் கவிதை வாசிப்போம். கீழே பந்தி நடந்தால் சாம்பார் மணத்தோடு வாசிப்போம். தலைவர் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், அக்ரகாரத்துக்காரர். வெண்பா என்றால் அவருக்கு உயிர். செயலாளர் நாஞ்சில் நாட்டுக்காரர், வங்கியில் இருந்தவர், புதுக்கவிதை எழுதுபவர். செயலாளர் எழுதுவது வாக்கியத்தைத் துண்டு போட்டு அடுக்குவது என்று தலைவர் சொல்வார். தலைவர் எழுதுவது குறுக்கெழுத்துப் போட்டி என்று செயலாளர் சொல்வார். எது உண்மையான கவிதை என்ற இந்தச் சண்டை முடிந்த பிறகுதான் டீ வரும். டீ ஆறிப்போய்த்தான் வரும்.

தலைவரின் மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். பழைய ஆபீஸ்களில் பியூனைக் கூப்பிட உச்சியில் தட்டுவார்களே, அந்த மணி. வாசிக்கிற கவிதை அவருக்குப் பொறுக்கவில்லை என்றால் ஒரு தட்டு தட்டுவார். வாசித்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். பிடித்துவிட்டால் "இன்னொரு தடவை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து வராது. செயலாளர் அந்த இரண்டு சொல்லுக்காக எத்தனையோ காலமாகக் காத்திருக்கிறார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் மணிதான்.

மணியோடு எனக்கும் பழக்கம் உண்டு. நான் அரசுப் பேருந்தில் கண்டக்டர். தம்பானூரிலிருந்து நெடுமங்காடு வழியாக வித்துரா போகிற வண்டி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆரியசாலைக்கு மொத்தப் பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர். வீட்டில் பேச்சும் ஏச்சும் தமிழில்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்னை மலையாளத்துக்கு அனுப்பினார். மலையாளம் படித்தால்தான் இங்கே அரசாங்க வேலை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அவர் நினைத்தது நடந்தது, வேலை கிடைத்தது. தமிழ் எழுத்து மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பேசத் தெரிந்த தமிழை எழுதத் தெரியாதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர்.

ஆனால் கவிதை எனக்குத் தமிழில்தான் வந்தது. வித்துராவில் வண்டி திரும்பக் காத்திருக்கும் நேரத்தில் வரும். வந்ததை மறக்கும் முன் எழுத வேண்டும். கைக்குத் தெரிந்த எழுத்து மலையாளம், அதில் எழுதினேன். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததே இல்லை. பசித்தால் எந்தத் தட்டில் சாப்பிடுகிறோம் என்றா பார்க்கிறோம்?

செயலாளருக்கு வித்துராவில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. அடிக்கடி என் வண்டியில் வருவார். நான் தமிழ்க்காரி, கவிதை எழுதுகிறவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், "வட்டத்துக்கு வாங்கம்மா" என்று அழைத்தவர் அவர்தான். போனேன். சில மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு எழுந்து நின்று வாசித்தேன்.

ஒத்த பெல் அடிச்சா நிக்கும்.
டபிள் பெல் அடிச்சா போகும்.
ஏறினவங்க எல்லாரும்
எறங்குற எடம் சொல்றாங்க.
சேச்சி, நீ எங்க எறங்கணும்னு
இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.
கயிறு என் கையில.
வண்டி என் கையில இல்ல.

மணி விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. தலைவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு சொன்னார், "இன்னொரு தடவை."

 இரண்டாம் முறையும் வாசித்தேன். செயலாளருக்கு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும், ஆனாலும் நல்ல மனிதர், எழுந்து வந்து கை நீட்டினார். "ஆண்டு மலர்ல போட்டுருவோம். அந்தத் தாளக் கொடுங்க." கொடுத்தேன். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலைவரிடம் நீட்டினார்.

"என்ன இது? மலையாளமா எழுதியிருக்கேள்?" என்றார் தலைவர்.

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது சார். தமிழ்தான், எழுத்து மட்டும் மலையாளம்."

"தமிழ் எழுத்து தெரியாதவா தமிழ்ல கவிதை எழுத முடியாதும்மா. காதுல விழுந்தத எழுதி வெச்சிருக்கேள், அவ்வளவுதான். இது கவிதை ஆகாது."

"இப்பத்தானே சார் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னீங்க?"

"அப்போ எனக்குத் தெரியாதே."

செயலாளர் பக்கம் திரும்பினேன். யாப்பு வேண்டாம், எதுகை வேண்டாம், மோனை வேண்டாம் என்று மாதாமாதம் முழங்குகிறவர். அவர் சொன்னார், "சார் சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்மா. எல்லாத்தையும் விட்டாலும் எழுத்த விட முடியாதுல்ல?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வண்டியில் சில்லறை இல்லை என்று சண்டை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். முன்வரிசையில் தலைவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் தொடங்குமுன் கடவுள் வாழ்த்து பாடுவது அவள்தான். அவள் கையிலிருக்கும் தாளில் தமிழ்ப் பாட்டு மலையாள எழுத்தில் இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவளும் என்னைப் போல மலையாளத்தில் படித்தவள். நான் அவளைக் காட்டினேன். "உங்க பொண்ணு பாடுறதும் மலையாள எழுத்தப் பாத்துத்தானே சார்? அது தமிழ் இல்லையா?"

 தலைவர் அசரவில்லை. "அது பாடறது. பாடறதுக்குக் காது போதும். அதை எழுதினவாளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். பாடறது வேற, எழுதறது வேற."

 எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மகள் கையிலிருந்த தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கு அவள் வரவில்லை. கடவுள் வாழ்த்தை ஒரு போன் பாடியது.

அந்த வாரமே செயலாளர் வாட்ஸ்அப்பில் எதையோ அனுப்பினார். திறந்தால் முழுக்கத் தமிழ் எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது என்று என்னை உட்கார வைத்தவர், எனக்கே தமிழில் எழுதி அனுப்புகிறார். "வாசிக்கத் தெரியாது சார்" என்று மலையாளத்தில் பதில் போட்டேன். அதன் பிறகு குரலில் அனுப்பினார். தம்பானூர் ஸ்டாண்டில், வண்டி எடுக்கும் முன், காதில் வைத்துக் கேட்டேன்.

என் கவிதையைத் திருத்தி எழுதியிருந்தார். டபிள் பெல், இரட்டை மணியோசை ஆகியிருந்தது. சேச்சி, சகோதரி ஆகியிருந்தாள். கேக்கல என்பது வினவவில்லை. கடைசியில், "கயிறு என் கரத்தில், பேருந்து விதியின் கரத்தில்" என்று முடித்திருந்தார்.

விதியை யார் ஏற்றினார்கள் என் வண்டியில்? டிக்கெட் எடுத்ததா அது? என் வண்டியை ஓட்டுவது டிரைவர். எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது டிப்போ. அதைத்தான் எழுதியிருந்தேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. செயலாளரைக் கூப்பிட்டேன்.

"இது வேண்டாம் சார்."

"ஏம்மா, இப்ப அச்சுக்கு ரெடியா இருக்கே? தலைவரும் ஒத்துக்குவாரு."

"அவர் ஒத்துக்குவார். நான் ஒத்துக்கல. இது என்னோடது இல்ல. என்னோடத நானே எழுதிக் கொண்டு வாறேன்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வேலை என்று உறைத்தது. சொன்னது சொன்னதுதான். ஆரியசாலையில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் போய், பிள்ளைகள் எழுதிப் பழகும் தமிழ்ப் புத்தகம் கேட்டேன். கடைக்காரர் புத்தகத்தைத் தூசி தட்டித் தந்து, "பேரப்பிள்ளைக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டி திரும்பக் காத்திருக்கும் நேரமெல்லாம் இப்போது கவிதைக்கு இல்லை, எழுத்துக்கு. சில எழுத்துகள் மலையாளத்துக்குச் சொந்தக்காரர்களாகத் தெரிந்தன, சுலபமாக வந்தன. சில எழுத்துகள் சுழித்துச் சுழித்து என் பொறுமையைச் சோதித்தன. டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, ஒண்ணாம் கிளாஸ்ல சேர்ந்தோ?" என்று கேலி செய்வார். "சேர்ந்து, இனி பாஸ் ஆகாம விடில்ல" என்பேன். தம்பானூரில் நாகர்கோவில் வண்டி வந்து நின்றால் அதன் போர்டைச் சத்தமாக வாசிப்பேன். முதலில் ஊர் எனக்கு முன்பே தெரியும் என்பதால் வாசித்தேன். பிறகு ஒரு நாள், கேள்விப்படாத ஒரு ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் "ஏறுறியளா?" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஏறிப் போயிருப்பேன், டியூட்டி இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு காலை, நெடுமங்காட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் தலைவரின் மகள் என் வண்டியில் ஏறினாள். கூட்டம் குறைவு. டிக்கெட் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். "அன்னைக்கு உங்க பேச்ச எடுத்தது உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டேன்.

"உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்ல அக்கா" என்றாள்.  பிறகு, "அப்பா சொன்னதத்தான் நெனச்சிண்டே இருக்கேன். பாடறதுக்குக் காது போதும், எழுதறதுக்குப் போதாதுன்னு சொன்னாரே. உங்ககிட்ட சொன்னதா நெனச்சார். எனக்கும் சேத்துத்தானே அது?"

"நீங்க எழுதுவீங்களா?"

 போனை எடுத்துத் திறந்து, என் பக்கம் காட்டப் போனவள், மறுபடியும் அணைத்துவிட்டாள். "மலையாள எழுத்துலதான். அப்பாக்குத் தெரியாது. தமிழ் எழுத்து படிச்சுட்டு அப்புறம் எழுதலாம்னு வெச்சிருக்கேன்."

அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது. ஒரு மணி அடித்து நிறுத்தினேன், இறங்கினாள். இரண்டு அடித்தேன், வண்டி கிளம்பியது. அன்று முழுக்க என் மனசு அமைதியாக இல்லை. நான் எழுத்து படித்துவிட்டேன், இனி என்னை யாரும் உட்காரச் சொல்ல முடியாது. ஆனால் நான் தமிழ் எழுத்தில் கொண்டு போய்க் கொடுத்தால், தலைவர் சொன்னது சரி என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவள் அந்தப் போனைத் திறக்கவே மாட்டாள். எழுத்து தெரிகிற வரை பேசாமல் இரு என்று ஒருத்தியிடம் சொல்ல எனக்கு மனமில்லை. நானே அப்படி இருந்திருந்தால் இத்தனை வருஷக் கவிதையும் வித்துராவின் மழையோடு போயிருக்கும்.

மறுநாள் அவள் ஏறியபோது சொன்னேன், "இந்த ஞாயிறு மலருக்குக் கவிதை முடிவு பண்றாங்க. வாங்க. பாட வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க."

வந்தாள். பின்வரிசையில், நான் முன்பு உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். தலைவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

என் முறை வந்ததும் இரண்டு தாள்களோடு போனேன். பழைய மலையாளத் தாளைப் பார்த்து அதே கவிதையை வாசித்தேன். பிறகு தமிழ் எழுத்தில் நானே எழுதிய தாளை மேசையில் வைத்தேன். எழுத்துகள் கோணல் மாணல்தான், ஆனால் என் கை எழுதியது. டபிள் பெல்லும் சேச்சியும் அப்படியே இருந்தார்கள்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது, அது பொய்யில்லை. "நீங்களே எழுதினேளா? பேஷ். இப்போ சரி. இப்போ இது கவிதை."

"சார், அன்னைக்குக் கேட்டதுல ஒரு சொல் கூட மாறல. இது எப்ப கவிதை ஆச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மலர்ல போடுங்க. கீழ ஒரு வரியும் போடணும். முதலில் மலையாள எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்க் கவிதைன்னு."

"அது எதுக்கு? எழுத்து படிச்சாச்சு. பழசக் காட்டிக்கணுமா?"

"பழசு இல்ல சார். அதுலதான் எழுதினேன். அந்த வரி இல்லேன்னா தாளத் திருப்பிக் கொடுங்க."

செயலாளர் இடையில் விழுந்தார். "ஒரு வரிதானே சார், போட்டா என்ன?" உடனே தலைவர் அவர் மேல் பாய்ந்தார். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத்தான் கவிதை இந்த நிலைக்கு வந்தது என்றார். செயலாளர், விட்டுக்கொடுக்காததால்தான் கேட்க ஆளில்லை என்றார். பழைய சண்டை பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் இரண்டு தாளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கத்திலேயே நின்றேன். நகரப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தலைவரின் மகள் எழுந்து நின்றாள். கையில் போன்.

"நானும் ஒண்ணு வாசிக்கட்டுமா?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

"அப்பாவோட அலமாரி நெறைய புஸ்தகம்.
தூசி தட்டறது நான்தான்..."

இரண்டு வரியோடு திக்கி நின்றுவிட்டாள். தலைவரின் கை மணிக்குப் போனது. வேண்டுமென்றே செய்தாரா, பழக்க தோஷமா, எனக்குத் தெரியாது. அவர் கை படும் முன் மணியை என் பக்கம் இழுத்தேன். இழுத்து, உச்சியில் இரண்டு தட்டு தட்டினேன்.

யாரோ சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் வண்டியில் வந்தவள், அவளுக்குப் புரியாதா? மூச்சை இழுத்துக்கொண்டு மேலே வாசித்தாள்.

"அட்டையத் தொறந்தா
உள்ள எல்லாரும் பேசிண்டிருக்கா.
நான் போய் நின்னா
பேச்ச நிறுத்திடறா."

அதோடு முடிந்தது. கீழே பந்தியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தலைவர் மகளைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அவர் வீட்டு அலமாரிக்கு முன்னால் அவர் பெண் நிற்பதை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.  எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

அவள் போனைப் பார்க்காமலே முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். தலைவர் என் பக்கம் கையை நீட்டி, மெதுவாக, "ரெண்டு தாளையும் குடுங்கோ. அந்த வரியோடயே போட்டுடலாம்" என்றார். கொடுத்தேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. மணிக்காகக் காத்திருந்தார். அதை மட்டும் கொடுக்கவில்லை. அவள் இன்னும் வாசித்து முடிக்கவில்லையே.